கடைத்தெரு மாடியில் ஏன் இருந்தாய், அக்கா?

1983, ஆகஸ்ட் 17, புதன்கிழமை. காலை மணி ஐந்து நாற்பது. நான் இங்கே வந்த மூன்று நாளில் உன் கதவைத் தட்டியவர்கள் இதோடு நான்கு பேர். நான்கு பேருமே பெண்கள்.

என் பிரியமுள்ள வசந்தாக்கா,

நாலாவது ஆள் இப்போது உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறாள். யாரென்று தெரியாது. பெயர் கேட்கக்கூட விடவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் குளிக்கும்போது அறைக்குள் நான் உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் மாடிப்படியில் உட்கார்ந்து, தொடைமேல் அட்டையை வைத்து இதை எழுதுகிறேன். கீழே வேலூர் பஸ் பத்து நிமிஷமாக ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. கிளம்புகிற வழியைக் காணோம்.

உன் நாடகச் சங்கத்துக்காரர்கள் ஆண்டு மலரில் போட உன்னைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். கலை, சேவை, ஈடு செய்ய முடியாத இழப்பு என்றெல்லாம் எனக்கு எழுத வராது. ஃபேக்டரியில் நான் எழுதுவது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பீஸ் சரி, இந்தப் பீஸ் தள்ளுபடி, காரணம் இது. உனக்கும் அப்படித்தான் எழுதப்போகிறேன். போட்டால் முழுசாகப் போடட்டும். சுருக்குவதாக இருந்தால் தர மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன்மேல் எனக்குச் சந்தேகம். நீ போய் இருபத்திரண்டு நாள் ஆகியும் அது தீரவில்லை. பெரணமல்லூர் பக்கத்தில் நமக்கு ஓட்டு வீடு இருக்கிறது, கிணறு இருக்கிறது, அம்மா இருக்கிறாள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஆரணி கடைத்தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, ஒற்றை அறையில் ஒன்பது வருஷம் ஏன் இருந்தாய்? மாசத்தில் இருபது நாள் ஊர் ஊராகப் போய் ராணி வேஷம் கட்டுகிறவள் நீ. மிச்சம் பத்து நாளைக்கு இந்தச் சந்தடிதான் வேண்டியிருந்ததா?

கேட்டபோதெல்லாம் நீ சிரித்துக்கொண்டு ஏதாவது ஒரு காரணம் சொல்வாய். ஒரு தடவை சொன்னது இன்னொரு தடவை வராது. காரணம் மாறிக்கொண்டே இருந்தால் எந்தக் காரணமும் நிஜமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். இந்த மூன்று நாளில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

"காலையில அஞ்சு மணிக்கே சூடா இட்லி கெடைக்கும்டா." சரி பார்த்தாயிற்று. கிடைக்கிறது. சாம்பார் தண்ணீர்.

"சத்தம் இருந்தாதான் எனக்குத் தூக்கம் வரும்." இதை நம்ப முடியவில்லை. இரண்டு ராத்திரி படுத்துப் பார்த்தேன். பஸ் ஓய்ந்தால் மூட்டை இறக்குகிறவர்கள், அவர்கள் ஓய்ந்தால் பின்தெருவில் தறிச் சத்தம். நான் தூங்கவில்லை. நீ எப்படித் தூங்கினாய்? விடியவிடிய ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்று பாடிவிட்டு வந்தவளுக்கு இதெல்லாம் அமைதியாகத் தெரிந்ததோ என்னவோ.

"இந்த ஊர்ல எல்லாரும் சேலையைத்தான் பாக்கறாங்க. கட்டினவளை யாரும் பாக்கறதில்ல." இதுவும் சரிதான். நேற்று உன் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்கப் பட்டு மூட்டையோடு ஓடுகிற ஆள், நூல் சிட்டத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற ஆள், முகூர்த்தப் புடவை வாங்க வந்து எந்தக் கடை என்று சண்டை போடுகிற குடும்பம். ஒருத்தர் தலை நிமிரவில்லை. நம் ஊரில் நீ பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் வீட்டிலேயே ஆரம்பித்துவிடும். "ராணி வந்துட்டாங்கோ." காதோரம் ஒட்டியிருக்கிற அரிதாரத்தைப் பார்ப்பதற்கென்றே வாசலுக்கு வருவார்கள். உன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வர என்னைத்தான் அம்மா அனுப்புவாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உனக்கு இருபது தப்படி பின்னால் வருவேன், யாரோ மாதிரி. நீ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்து வேகமாக வா என்று சொன்னதில்லை. தெரிந்துதான் சொல்லவில்லையா?

ஆக, உன் காரணங்களில் இரண்டு நிஜம், ஒன்று சந்தேகத்துக்கு உரியது. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் ஒன்பது வருஷம் வரவில்லை. வேறு ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன். நான் மட்டும் இல்லை. போளூரில் எனக்குப் பெண் பார்த்து முடித்திருக்கிறார்கள், உனக்குத் தெரியும். நீ படுத்துவிட்ட பிறகுதான் நிச்சயம் நடந்தது. வரப்போகிற மாமனார் போன வாரம் என்னைத் தனியாக அழைத்தார். "மாப்ளே, தப்பா நெனைக்காதீங்க. ஆரணியில உங்க அக்கா ரூம் பத்தி நாலு பேரு நாலு விதமா பேசறாங்க. ஆவணி பொறக்கறதுக்குள்ள அத காலி பண்ணிடுங்க. அப்புறம் பேச்சே இல்ல." சரி என்றேன். சாவியை இன்று மத்தியானம் கொடுக்க வேண்டும். சரிகை வியாபாரி ஒருவர் குடோனுக்காகக் காத்திருக்கிறார்.

திங்கள்கிழமை வந்ததும் அறையைப் பரிசோதித்தேன். எழுதி வைத்தது இது. சீப்பு ஏழு. முகம் பார்க்கும் கண்ணாடி மூன்று. டம்ளர் ஒன்பது. பாய் ஆறு. இருநூறு லிட்டர் தண்ணீர் டிரம் இரண்டு. கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் மூன்று. பட்டுச் சேலை பதினாலு. ஒற்றை ஆளுக்கு ஏழு சீப்பு எதற்கு? உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள் எதற்கு? கட்டில் ஒன்றுகூட இல்லை. அதையும் எழுதினேன், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பங்குனியில் கார்டு போட்டிருந்தாயே, மேலே தண்ணீர் ஏறவில்லை, வந்து ஒரு மோட்டார் மாட்டிக் கொடுடா என்று. நீ எனக்கு வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. ஸ்பேனர் பையோடு வந்தேன். வரவில்லை என்றுதானே நீ நினைத்துக்கொண்டிருந்தாய்? வந்தேன். இதே படியில் ஒரு ஆள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஒரு பெட்டி. மேலே கதவு கால்வாசி திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெண்கள். ஒருத்தி ஈரத் தலையோடு நிற்க, இன்னொருத்தி அவளுக்கு ரவிக்கை ஊக்கு மாட்டிக்கொண்டே ஏதோ சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் குரலும் கேட்டது. நான் பையோடு திரும்பிவிட்டேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "இனிமே அங்க நம்ம யாரும் போக வேணாம்." அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அடுத்து வந்த பொங்கலுக்கு உனக்கு ஆள் அனுப்பவும் இல்லை. நீயும் வரவில்லை. உனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டாயா?

சேதி வந்து ஓடியபோது, பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார். "இவங்க தண்ணியே குடிக்க மாட்டாங்களா? கிட்னி ரெண்டும் பல வருஷமா கெட்டுப்போயிருக்கே." நாடகத்துக்குப் போகிறவள் என்ன குடிக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று எனக்கெப்படித் தெரியும் என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். காதில் விழுந்ததா?

உன்னை ஊருக்குக் கொண்டுவந்தபோது தெருமுனையில் ஏழு பெண்கள் வந்து நின்றார்கள். உள்ளே வரச்சொல்லி நான் ஆள் அனுப்பவில்லை. எடுக்கும்வரை நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

சேலைக்கு வருகிறேன். பதினாலு சேலையையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே குறை. இடது கரையிலிருந்து நாலு விரல் தள்ளி, தலைப்பு முதல் கடைசிவரை மயிரிழை மாதிரி ஒரு கோடு. என் வேலையில் இது பாலபாடம்: ஒரே குறை ஒரே இடத்தில் திரும்பத்திரும்ப வந்தால் அது தற்செயல் இல்லை. எல்லாம் ஒரே தறியில் வந்தது. தறியில் அச்சு என்று சீப்பு மாதிரி ஒன்று இருக்கும், ஒவ்வொரு பல்லுக்கு நடுவிலும் நூல் போகும். அதில் ஒரு இடம் கெட்டிருந்தால் சேலை முழுக்கக் கோடு விழும். ஒரே தறி என்றால் ஒரே ஆள். பதினாலு பட்டுச் சேலை கொடுக்கிற அந்த ஒரே ஆள் யார்?

முதலில் வீட்டுக்காரர் நயினாரைக் கேட்டேன். திங்கள் சாயங்காலம், ஜைனர் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கடை வாசலில் நின்றிருந்தார்.

"மேல யார் யார் வருவாங்க?"

"நான் மேல பாக்கறதில்ல தம்பி. பொழுது போனா எங்களுக்குச் சாப்பாடும் கெடையாது, சங்கதியும் கெடையாது."

"ஒம்பது வருஷமா ஒண்ணுமே தெரியாதா?"

"வாடகை தெரியும். மொத தேதி வந்துடும்." அண்டா ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இவருக்குத் தெரியும், மறைக்கிறார் என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

நேற்றுக் காலையில் ஒரு சேலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நெசவாளர் தெருவுக்குப் போனேன். தெருவை அடைத்து நீளத்துக்கும் தறிக்கான பாவு நூலை விரித்துக் கட்டியிருந்தார்கள். அவசரத்தில் அதைத் தாண்டக் காலைத் தூக்கிவிட்டேன். ரெண்டு பக்கமும் கத்திவிட்டார்கள். "தாண்டாத, தாண்டாத. சுத்திப் போயேன், கால் தேஞ்சா போயிடும்?" முதலில் கத்தியவரிடமே சேலையைக் காட்டினேன். ஒரு முழம் விரித்துப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது ஏகாம்பரம் வேலை. தெருவே இத வச்சு அவன கிண்டல் பண்ணிகினு இருக்கு. கடைசி வீடு."

ஏகாம்பரம் தறிப் பள்ளத்தில் கால்விட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். யாரென்று சொன்னதும் அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி கூடத்திலிருந்து சொன்னாள்: "வசந்தா தம்பியா? இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

நான் சுற்றி வளைக்கவில்லை. "எங்கக்காவுக்கு இந்தச் சேலையெல்லாம் நீங்கதான் குடுத்தீங்களா?"

"குடுக்கல தம்பி. நெய்ஞ்சு குடுத்தேன். வெல வாங்கிகினுதான்."

"எல்லாத்துலயும் ஒரே எடத்துல கோடு. அச்சு கெட்டுப்போச்சுன்னா மாத்த மாட்டீங்களா? பதினாலு சேலை வரைக்கும் பாத்துகினு இருப்பீங்களா?"

அவர் தறியை நிறுத்திவிட்டார். "அச்சு நல்லாத்தான் கீது. இருவத்தஞ்சு வருஷமா இதுல உக்காந்துகினு இருக்கேன். தப்பா நெய்யின்னு கேட்டுகினு வந்த ஒரே ஆளு உங்கக்காதான்."

"தப்பா நெய்யச் சொன்னாளா?"

"ஒரு பல்ல காலியா உடு, நூல் கோக்காதன்னாங்க. நல்லா நெய்யறதுக்கு ரோசனை வேணாம் தம்பி, கையே பாத்துக்கும். தப்பா நெய்யறதுதான் பேஜாரு. மொத சேலையில நான் பாட்டுக்குப் பழக்க தோஷத்துல எல்லாப் பல்லுலயும் கோத்துட்டேன். அக்கா வந்து விரிச்சுப் பாத்தாங்க. எங்க கோட்ட காணோம், இது எனக்கு வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டுப் பூட்டாங்க."

நல்ல பீஸைத் தள்ளுபடி செய்திருக்கிறாய். என் சர்வீஸில் நான் கேள்விப்படாதது.

காரணத்தை அவர் மனைவிதான் சொன்னாள். "பட்டு இல்லாத பொண்ணுக்கு நாடகக் காண்ட்ராக்டரு தோழி வேஷத்துக்கு மேல தர மாட்டான். சரின்னு உங்கக்கா ஆளுக்கு ஒண்ணு கட்டிக்கச் சொல்லி குடுத்து அனுப்பிச்சா, ஊட்டுல இருக்கற ஆம்பள அத அடகுக் கடைக்குத் தூக்கினு பூடறான். ரெண்டு மூணு அப்படிப் போச்சு. கோடு உழுந்த சேலைய அடகுக்காரன் கையால தொட மாட்டான். எவன் தூக்கினு போவான்? சேலை பத்திரமா திரும்பி வந்துடும். மேடை மேல நிக்கறப்ப அந்தக் கோடு யாருக்குத் தெரியப் போவுது?"

"எந்தப் பொண்ணுங்க? எதுக்கு இங்க வராங்க?"

"உங்கக்கா உசுரோட இருக்கசொல்ல கேட்டிருக்கணும். எங்கிட்ட வந்து கேக்கற."

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். கதை நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே சந்தேகம் அதிகமானது. சேலை கொடுக்க ஒரு அலமாரி போதும். டிரம் எதற்கு, தாழ்ப்பாள் எதற்கு? கதவைத் தட்டிய மூன்று பெண்களும் ஆம்பளை முகத்தைக் கண்டதும் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனது எதற்கு? சரி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம், எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் ஆகவேண்டுமா என்று படுத்தேன்.

அப்போதுதான் இந்த நாலாவது ஆள். ஐந்து பத்துக்குத் தட்டினாள். "அக்கா, ஜல்தி தொறக்கா." திறந்தேன். முப்பது வயசுக்குள் இருக்கும். கையில் பை, கழுத்தோரம் துடைத்தும் போகாத சிவப்பு.

"நீங்க யாரு? அக்கா எங்க?"

"நீ யாரு? இந்த நேரத்துல இங்க என்ன வேலை?"

"சார், நீங்க யாரா வேணா இருந்துக்கங்க. நான் மொதல்ல பாத்ரூம் போயிட்டு வந்துடறேன். அப்புறம் நிக்க வச்சு எவ்ளோ வேணா கேளுங்க."

என்னைத் தள்ளாத குறையாக உள்ளே போய்விட்டாள். அவளுக்கு வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. நான் வெளியே வந்ததும் உள்பக்கம் தாழ்ப்பாள் ஒன்று, இரண்டு, மூன்று என்று விழுந்த சத்தம் கேட்டது.

இதுவரை எழுதும்போது மணி ஆறேகால். வெளியே வருகிறாள். நிறுத்துகிறேன்.

மணி எட்டு. மறுபடி எழுதுகிறேன். அவள் பெயர் மல்லிகா. ஒன்றரை மாசமாகத் திண்டிவனம் பக்கம் நாடகம், அது முடிந்து நேற்று படவேட்டுக்குப் பக்கத்து ஊரில். மழை வந்து மூன்று மணிக்கே கலைத்துவிட்டார்கள். வாழைத்தார் ஏற்றிய லாரியில் முன்னால் உட்கார்ந்து வந்திருக்கிறாள். உன் சேதி அவளுக்குத் தெரியாது.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க அக்கா தம்பி தானே? கம்பெனியில பீஸ எடுத்துப் பாத்து தூக்கிப் போடுவீங்களே, அவரு. எங்க தம்பி கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுன்னு அக்கா சொல்லும். அக்கா நாடகத்துக்கா போயிருக்கு?"

எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "செத்துட்டா. மூணு வாரம் ஆச்சு" என்றேன்.

அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை, அசையவே இல்லை. "எதுனால?" என்றாள்.

"கிட்னி."

தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த பதில் மாதிரி. அது எனக்குப் பிடிக்கவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். விசாரணை மாதிரிதான் கேட்டேன்.

"தெரியாம என்னா சார். எங்க எல்லாருக்கும் இருக்கறதுதானே. நாடகம்னா நாங்க மத்தியானத்தோட தண்ணிய நிறுத்திடுவோம்."

"ஏன்?"

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். "நீங்க ஆம்பள, உங்களுக்குத் தெரியாது. எட்டு மணிக்கு வேஷம் போட உக்காந்தா விடியறவரைக்கும் எங்க போறது? எங்களுக்கு எடம்னு குடுக்கறது பள்ளிக்கூடத்துப் பின்னாடி ஒரு ஆட்டுக் கொட்டாய். ஆம்பளைங்க இருட்டுல போயிட்டு வந்துடுவாங்க. நாங்க போனா பின்னாடியே டார்ச் லைட்டு வரும். அதனால குடிக்கறதே இல்ல. தொண்ட காஞ்சா வாய்க் கொப்புளிச்சுத் துப்பிட்டுப் பாடுவோம். விடிஞ்சு பஸ் ஸ்டாண்டு வந்தா அங்கயும் ஆம்பளைங்களுக்குத்தான் எடம். ஊட்டுக்குப் போய்ச் சேர பத்து மணி ஆவும். அக்காவுக்கு ரெண்டு தரம் ரத்தமா போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த ரூம புடிச்சாங்க."

"இந்த ரூமையே எதுக்கு?"

"போளூரு, செய்யாறு, வேலூரு, படவேடு, எங்க ஆடினாலும் ஆரணி வந்துதானே மாறணும். எறங்கினா நாப்பது அடியில ஒரு கதவு இருக்கு, உள்ளாற தாப்பா இருக்கு, தண்ணி இருக்குன்னு தெரிஞ்சா, ராத்திரி தைரியமா ரெண்டு டம்ளர் குடிக்கலாம் பாருங்க. அக்கா அதத்தான் எல்லாப் பொண்ணுங்களுக்கும் சொல்லும். குடிங்கடி, ஆரணியில நான் இருக்கேன்னு."

திரும்பி அந்த மூன்று தாழ்ப்பாளைப் பார்த்தேன். அவளே பேசினாள். குளித்துவிட்டு இந்த மாடிக் கைப்பிடியில் நீங்கள் எல்லோரும் வரிசையாகத் தலை காயவைப்பீர்களாம். கீழே பட்டு மூட்டையோடு பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை நீ ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவாயாம். பஸ் போய்விட்டது தெரிந்தும் வேகத்தைக் குறைக்க வெட்கப்பட்டு ஓடிக்கொண்டே இருப்பாராமே ஒரு தடி முதலாளி, அவரைச் செய்தால் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்களாம். "மேடையிலகூட அக்கா அவ்ளோ சந்தோஷமா இருந்ததில்ல சார்." பங்குனியில் நான் கேட்ட சிரிப்பு அதுதானோ? படியில் பீடி பிடித்த ஆளை விசாரித்தேன். ஆர்மோனியக்காரர். பெண்கள் குளிக்கும்போது யாரும் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ள நீதான் உட்கார வைப்பாயாம். அக்கா, நீயே காவலுக்கு வைத்த ஆளைப் பார்த்துத்தான் நான் திரும்பிப் போயிருக்கிறேன்.

மோட்டார் மாட்டியிருந்தால் கீழ்க் கிணற்றிலிருந்து நீ குடம் குடமாக மேலே சுமந்திருக்க வேண்டாம். என்னிடம் ஏன் விஷயத்தை எழுதவில்லை? எதற்காக மோட்டார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் மாட்டியிருப்பேன். தம்பிக்கு இதையெல்லாம் எப்படி எழுதுவது என்று கூச்சமா? அல்லது எழுதினாலும் நான் அது நிஜம்தானா என்று சோதிப்பேன் என்று தெரியுமா?

மணி பன்னிரண்டரை. நயினாரிடம் போனேன். சரிகை வியாபாரி பூட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். சாவியைக் கொடுக்க முடியாது, அறை எனக்கு வேண்டும் என்றேன்.

"தம்பி ராணிப்பேட்டையில இருந்து தெனம் வந்து போகப் போறீங்களா?" என்று வியாபாரி கேட்டார்.

"நான் வரல. அக்காகிட்ட வர்றவங்க வருவாங்க. வாடகைய எல்லாரும் சேத்துக் குடுத்துடுவோம்னு காலையில வந்த பொண்ணு சொல்லியிருக்கு. கொறைஞ்சா நான் பாத்துக்கறேன்."

நயினார் வியாபாரியைப் பார்த்து, "பின்தெருவுல என் மச்சினன் குடோன் காலியா இருக்கு. அத பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆள் போனதும் என் பக்கம் திரும்பினார். "எனக்கு எல்லாம் தெரியும் தம்பி. ஒரு ரூமுக்கு இத்தன பேரு பொழங்கறாங்கன்னு வெளிய தெரிஞ்சா எவனாவது மனு போடுவான். அதான் தெரியாதுன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்ன உங்கக்கா மேல படுத்திருந்த பத்து நாளும் அந்தப் பொண்ணுங்கதான் மாத்தி மாத்திப் பாத்துகினாங்க. உங்களுக்குச் சொல்லி அனுப்பலாமான்னு கேட்டேன். தம்பிக்கு நிச்சயம் வச்சிருக்காங்க, இப்ப வேணாம்னுட்டாங்க."

அப்படியா சொன்னாய்?

சந்தேகம் தீர்ந்ததா என்று கேட்பாய். உன்மேல் தீர்ந்துவிட்டது. என்மேல் வந்திருக்கிறது. ஃபேக்டரியில் நான் இதுவரை தள்ளுபடி செய்த பீஸ்களில் எத்தனை நல்ல பீஸோ என்று காலையிலிருந்து மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அழுதுகொண்டு உட்கார எனக்கு வராது. செய்யப்போவதை எழுதித் தருகிறேன். ஒன்றையும் விட மாட்டேன்.

1. வருகிற சனிக்கிழமை நயினார் கிணற்றில் அரைக் குதிரைச் சக்தி மோட்டார் இறக்கி, மாடியில் தொட்டி வைத்து, குளியலறைக்குள் இரண்டு குழாய் போடுவேன். பைப்புக்கு அளவு எடுத்தாகிவிட்டது.

2. மாடிப்படியில் ஒரு விளக்கு. சுவிட்ச் கீழே ஒன்று, மேலே ஒன்று.

3. உன் மூன்று தாழ்ப்பாளில் நடுவில் இருப்பது ஆடுகிறது. திருகைப் பிடுங்கிவிட்டு போல்ட் போடுவேன்.

4. ஞாயிற்றுக்கிழமை போளூர் போவேன். அறை காலியாகாது, காரணம் இது என்று மாமனாரிடம் சொல்வேன். பூசி மெழுக மாட்டேன், தண்ணீர், கக்கூஸ் என்றே சொல்வேன். கல்யாணப் பெண்ணும் கேட்கும்படி சொல்வேன். அதற்குப் பிறகு அவர்கள் இஷ்டம்.

5. அம்மாவிடம் நான் சொன்ன வாக்கியம் தப்பு என்று சொல்லி, அவளை இங்கே அழைத்துவந்து ஒரு நாள் தங்க வைப்பேன்.

6. தெருமுனையில் நின்ற ஏழு பேரின் பெயரும் ஊரும், அடையாளம் சொல்லி மல்லிகாவிடம் கேட்டு வாங்கிவிட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போவேன். என்ன பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

7. நான் உன் நாடகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை, அக்கா. இருபத்தைந்து வயசாகிறது, ஒன்றுகூட இல்லை. நீ கட்டிய ராணி வேஷத்தை வெள்ளிக்கிழமை மல்லிகா கட்டுகிறாள். நீ எங்கே நிற்பாய், எந்த இடத்தில் குரலை இறக்குவாய் என்றெல்லாம் உன்னிடம் கற்றுக்கொண்டதாம். முதல் வரிசையில் போய் உட்கார்ந்து விடியும்வரை பார்ப்பேன்.

உன்னை ஒரு கேள்விகூட ஒழுங்காகக் கேட்காத உன் தம்பி,
குமரேசன்